உளவியலாளர் ஆக மேற்படிப்பு: அங்கே என்னதான் கற்றுத்தருகிறார்கள்?

உளவியலில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர் உளவியல் படித்தவர்தான். இன்னும் உளவியலாளர் ஆகிவிடவில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் இந்தத் துறையைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். இளங்கலையில் நினைவாற்றல் எப்படி இயங்குகிறது, குழந்தைகளின் சிந்தனை வயதோடு எப்படி மாறுகிறது, கூட்டத்தில் மனிதர்கள் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்றெல்லாம் படிப்பார்கள். கொஞ்சம் புள்ளியியலும் இருக்கும். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து, "மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை, எதற்கு உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றுகிறது" என்று சொன்னால் அடுத்த வாக்கியம் என்ன பேசுவது என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இருக்காது. அதற்காக இருப்பதுதான் முதுநிலைத் தொழிற்பயிற்சி.

முதுநிலை என்றதும் இளங்கலையில் படித்ததையே இன்னும் ஆழமாகப் படிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். வெறும் கல்விசார் முதுகலைக்கு அது பொருந்தும். தொழில்முறை உளவியலாளர்களை உருவாக்கும் படிப்பின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு மனிதரோடு வேலை செய்வதை, அனுபவமுள்ள இன்னொருவர் வருடக்கணக்கில் கவனித்து, கேள்வி கேட்டு, திருத்துகிறார். மேற்பார்வை என்று இதைச் சொல்வார்கள். சேரப்போகிறவர்கள் கட்டணம், தரவரிசை, வேலைவாய்ப்பு எல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள். மேற்பார்வை எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் சில அடிப்படைகள்.

மனநல மருத்துவர் முதலில் மருத்துவம் படித்து, அப்புறம் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவார். உளவியலாளர் மருத்துவப் படிப்பு வழியாக வருவதில்லை. சோதனைகள் வைத்து மதிப்பிடுவது, பேச்சு வழியாகச் சிகிச்சை தருவது, ஆராய்ச்சி செய்வது ஆகியவை அவர் வேலை. மருந்து எழுதும் உரிமை பொதுவாக அவருக்குக் கிடையாது. விதிவிலக்கு உண்டு: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2002-இல் கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது, பிறகு வேறு சில மாநிலங்களும் கொடுத்தன. கவுன்சலர், தெரபிஸ்ட் போன்ற பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் ஒரு வார வகுப்பு முடித்தவர்கூட அப்படிப் போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

உளவியலுக்குள்ளேயே கிளைகள் பல. மருத்துவ உளவியல் மனச்சோர்வு, பதற்றம், உளப்பிணி போன்றவற்றோடு வேலை செய்கிறது. பள்ளிக் குழந்தைகளின் கற்றல் சிரமங்களைக் கல்வி உளவியல் பார்க்கிறது. பக்கவாதத்துக்கோ தலைக்காயத்துக்கோ பிறகு நினைவும் கவனமும் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று நரம்பு உளவியல் அளக்கிறது. ஆள் தேர்வு, பணிச்சூழல் எல்லாம் தொழில், நிறுவன உளவியலின் பொறுப்பு. தடயவியல் உளவியலுக்குத் திரைப்படங்கள் ஒரு கவர்ச்சியைக் கொடுத்துவிட்டன. குற்றவாளியின் மனதை ஒரே பார்வையில் படித்துவிடும் வேலை என்று நம்பி வருகிறவர்கள், சிறையிலும் நீதிமன்றத்திலும் நீண்ட அறிக்கைகள் எழுதுவதே பெரும்பகுதி என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடிப்போவார்கள். எந்தக் கிளை என்பதை முன்கூட்டியே ஓரளவு யோசித்துவிடுவது நல்லது. பல நாடுகளில் முதுநிலையில் சேரும்போதே கிளை தீர்மானமாகிவிடும். நடுவில் மாறுவது கஷ்டம்.

பட்டம் வேறு, உரிமம் வேறு

பல்கலைக்கழகம் பட்டம் தரும். "இவர் தனியாக ஆட்களைப் பார்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் வேறொரு அமைப்பின் கையில் இருக்கும். இந்த இரண்டும் ஒன்று என்று எண்ணி, அந்த அமைப்பு ஏற்காத படிப்பில் சேர்ந்துவிடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப்பெரிய பண நஷ்டம். படிப்பு நல்ல படிப்பாகவே இருக்கலாம். பதிவு கிடைக்காது, அவ்வளவுதான்.

நாடுகள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். ஆஸ்திரேலியாவில் 'உளவியலாளர்' என்ற பெயரையே பதிவு இல்லாதவர் பயன்படுத்தக் கூடாது. 2010 முதல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவு முறை. அங்கே பொதுவாக ஆறு ஆண்டுகள்: நான்கு ஆண்டு உளவியல் படிப்பும் இரண்டு ஆண்டு முதுகலையும், அல்லது ஐந்து ஆண்டு படிப்பும் ஓர் ஆண்டு மேற்பார்வைப் பயிற்சியும். பிரிட்டனில் வேறு கதை. மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், தடயவியல் உளவியலாளர் போன்ற அடைமொழியோடு கூடிய பெயர்களுக்கு 2009 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வெறும் 'உளவியலாளர்' என்ற பெயருக்கு இல்லை. அங்கே மருத்துவ உளவியலாளர் ஆக மூன்றாண்டு முனைவர் பட்டம் வேண்டும். இங்கிலாந்தில் அந்த இடம் கிடைத்தவர்களுக்கு அரசு சுகாதார சேவை சம்பளம் தருவதால் போட்டி கடுமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், அதற்குள் முழு நேரமாக ஓர் ஆண்டு உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் மேற்பார்வையில் இன்னும் கொஞ்சம் வேலை. கடைசியில் 225 வினாக்கள் கொண்ட ஒரு பொதுத்தேர்வு. அதில் 175 வினாக்களுக்குத்தான் மதிப்பெண். மிச்சம் 50 எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்த 50 என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் யூரோசை என்ற பொதுத் தரச்சான்று இருக்கிறது: ஐந்தாண்டு பல்கலைக்கழகப் படிப்பும் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியும். தென்னாப்பிரிக்காவில் முதுகலை, உள்ளகப் பயிற்சி இரண்டையும் முடித்த மருத்துவ உளவியலாளர் ஓராண்டு சமூக சேவையும் செய்ய வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்துவந்தது 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மறுவாழ்வு கவுன்சில். முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு எம்.ஃபில். என்பதுதான் நெடுங்காலம் அங்கிருந்த வழி. எம்.ஃபில். பட்டமே உயர்கல்வியிலிருந்து விலக்கப்பட்டுவருவதால் அந்த வழி மாறிக்கொண்டிருக்கிறது.

எந்த நாட்டில் வேலை செய்யப்போகிறீர்களோ அந்த நாட்டின் பதிவு அமைப்பின் தற்போதைய பட்டியலில் நீங்கள் சேரப்போகும் படிப்பு இருக்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள். கல்லூரியின் விளம்பரத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் யாரால், எதற்காக, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

புள்ளியியல் எதற்கு?

மனிதர்களுக்கு உதவ வந்தால் இவ்வளவு கணக்கா என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நியாயமான அலுப்புதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் ஓர் உளவியல் சிகிச்சையகம் தொடங்கினார். முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டத் திணறிய பதினான்கு வயதுப் பையன். பள்ளி ஆசிரியை ஒருவர் கூட்டிவந்தார். ஆய்வகத்தில் புலன்களையும் எதிர்வினை வேகத்தையும் அளந்துகொண்டிருந்த அறிவியல், ஒரு தனி மனிதனின் சிக்கலுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வி அங்கே நடைமுறைக்கு வந்தது. அப்புறம் அரை நூற்றாண்டு இந்தத் தொழில் சிறிதாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து மனக்காயங்களோடு ஏராளமான படைவீரர்கள் திரும்பியபோது, அவர்களைப் பார்க்க ஆளில்லை. அவசரமாக நிறையப் பேரைத் தயார்செய்ய வேண்டும், எப்படித் தயார்செய்வது? 1949-இல் அமெரிக்க உளவியலாளர்கள் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: உளவியலாளர் ஒரே சமயத்தில் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும். இன்று உலகின் பல படிப்புகளில் ஆய்வேடும் சிகிச்சைப் பயிற்சியும் ஜோடியாக வருவதற்கு இந்த முடிவு ஒரு முக்கியமான காரணம்.

மூன்றே ஆண்டில் ஒரு குண்டு விழுந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், பெறாமல் தானாகத் தேறியவர்களைவிட அதிகம் தேறியதற்கு ஆதாரமே இல்லை என்று 1952-இல் பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் எழுதினார். துறை கொதித்தது. அவர் கணக்குப் போட்ட விதத்தில் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் "எங்களுக்கு அனுபவத்தில் தெரியும்" என்ற பதில் எடுபடவில்லை. பதில் சொல்ல ஒழுங்கான ஆய்வுகள் தேவைப்பட்டன. 1977-இல் மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டி, சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். தன் சிகிச்சை வேலை செய்கிறது என்று சிகிச்சையாளருக்கு எப்போதும் தோன்றும். காரணம் சிம்பிள்: உதவி கிடைக்காதவர் சொல்லாமல் வருவதை நிறுத்திவிடுவார், உதவி கிடைத்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அந்த நன்றிகளை மட்டும் எண்ணி ஏமாறாமல் இருக்கத்தான் புள்ளியியல்.

ஆராய்ச்சி இவ்வளவு வேண்டுமா என்ற சண்டை ஓயவில்லை. 1973-இல் வெய்ல் என்ற இடத்தில் நடந்த இன்னொரு மாநாடு, சிகிச்சைப் பயிற்சிக்கு முதன்மை தரும் படிப்பையும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு அழுத்தம் தரும் பிஎச்.டி., சிகிச்சைப் பயிற்சிக்கு அழுத்தம் தரும் சைடி (PsyD) என இரண்டு முனைவர் பட்டங்கள் இருப்பது இப்படித்தான். பிஎச்.டி. படிப்புகளில் இடங்கள் குறைவு. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு அதிகம். சைடி படிப்புகள் பொதுவாக அதிகம் பேரைச் சேர்க்கும், செலவும் பெரும்பாலும் மாணவர் தலையில். எது உசத்தி என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. நாள் முழுக்க ஆட்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஆய்வுக்கட்டுரைகளில் ஐந்து ஆண்டைக் கழித்தால் சலித்துப்போவார் என்பது மட்டும் நிச்சயம்.

சோதனை வைப்பது

சரி, வகுப்பில் என்ன நடக்கிறது? மதிப்பீட்டிலிருந்து தொடங்குவோம். டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனையின் வழிவந்தவைதான் இன்று பெரியவர்களின் அறிவுத்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படுகின்றன. சராசரி 100, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 85-க்கும் 115-க்கும் நடுவில். இந்த எண்களை எந்த மாணவரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். சோதனையை வைப்பதுதான் கைப்பழக்கம்.

எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஓர் எண் என்ற வேகத்தில் படிக்க வேண்டும். தொலைபேசி எண்ணைச் சொல்வதுபோல இரண்டிரண்டாகச் சேர்த்துப் படித்தால் கேட்பவருக்கு எளிதாகிவிடும்; மதிப்பெண் செல்லாது. எதிரில் இருப்பவர் தவறாகச் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது, சரியாகச் சொன்னால் "கரெக்ட்" என்று சொல்லக் கூடாது. "நன்றாக முயற்சி செய்கிறீர்கள்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். செய்துபார்த்தால்தான் தெரியும்: ஒரு சின்னப் பையன் மூன்று கேள்விகளில் தொடர்ந்து தோற்று உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, கொஞ்சம் மெதுவாகப் படித்துவிடலாமே என்று மனம் இழுக்கும். அப்படிப் படித்தால் அவனுடைய சிரமம் அறிக்கையில் மறைந்துபோகும்; அவனுக்குக் கிடைக்க வேண்டிய சிறப்பு உதவியும் கூடவே போகும்.

கடைசியில் வரும் எண்ணையும் ஒற்றை எண்ணாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். எந்த அளவீட்டிலும் பிழை வரம்பு உண்டு. 92 என்று வந்தால், "உண்மை மதிப்பு பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்குள் இருக்கும்" என்றுதான் அறிக்கையில் எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் பெற்றோர், ஆசிரியர், சில சமயம் நீதிபதி படிப்பார். அவர்களுக்குப் புரியும்படி எழுதுவது தனிப் பயிற்சி.

நோயின் பெயருக்குப் பிறகு

நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒருநாள் பேருந்தில் போகும்போது மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்று பயந்து பாதியில் இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இதயச் சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் அன்றிலிருந்து பேருந்து ஏற முடியவில்லை. இதற்குப் பீதிக்கோளாறு என்று பெயர் வைப்பது கடினமில்லை. பெயர் வைத்தபின் இந்த மனிதருக்கு ஏன், இப்போது ஏன், ஏன் இன்னும் சரியாகவில்லை என்று விளக்க வேண்டும். பயிற்சியில் மிக அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

ஐந்து கேள்விகளாகப் பிரித்து யோசிக்கப் பழக்குவார்கள். இப்போது என்ன சிக்கல்? முன்பிருந்தே எது அவரை இதற்கு ஆளாக்கியது? அவர் அப்பா மாரடைப்பில் போனவராக இருக்கலாம். எது தூண்டியது? வேலை மாறி ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. எது நீடிக்க வைக்கிறது? எது அவருக்குப் பலமாக இருக்கிறது? இவற்றில் புதிய மாணவர் கோட்டைவிடுவது நான்காவதில். அப்பாவின் மரணம் உருக்கமான கதை என்பதால் அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் சிக்கலை இன்று உயிரோடு வைத்திருப்பது வேறு. படபடப்பை மாரடைப்பின் அறிகுறி என்று அவர் தப்பாகப் படிக்கிறார். அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது. டேவிட் கிளார்க் 1986-இல் விவரித்த சுழல் இது. பேருந்திலிருந்து இறங்கியதும் நிம்மதி வருகிறது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் "மூச்சை நிதானமாக விடுங்கள், முடியாவிட்டால் இறங்கிவிடுங்கள்" என்று அன்பாகச் சொல்லும் அறிவுரை சிக்கலுக்கு உரம் போடுகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் படபடப்பு தானாக அடங்கும் என்பதை அவரே கண்டுகொள்ளும்படி சிகிச்சையை அமைக்க வேண்டும்.

அன்பான இயல்பும் பொறுமையாகக் கேட்கும் குணமும் இருந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த இடம் ஓர் அதிர்ச்சி. அவை வேண்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டே தீங்கும் செய்ய முடியும் என்பதை இங்கேதான் பார்க்கிறார்கள்.

மேற்பார்வை

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் 1942-இல் அச்சில் வெளியிட்டார். அதுவரை மூடிய கதவுக்குள் நடந்ததைப் பற்றிச் சிகிச்சையாளர் நினைவிலிருந்து சொல்வதுதான் ஆதாரம். நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதிக்கொள்ளும் என்று உளவியலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய பயிற்சியில் இது சாதாரண நடைமுறை. வருபவரின் சம்மதத்தோடு அமர்வைப் பதிவு செய்வார்கள், அல்லது மேற்பார்வையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பதிவு இப்படிப் போகலாம். வந்தவர் தன் தூக்கமின்மையைப் பற்றிப் பேசுகிறார். நடுவில், "அம்மா போனதிலிருந்து வீட்டில் விளக்கை அணைக்கவே பிடிக்கவில்லை" என்கிறார். மாணவர் உடனே, "இரவு எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?" என்று கேட்கிறார். வந்தவர் பதில் சொல்கிறார், பேச்சு தொடர்கிறது, அமர்வு முடிகிறது. மாணவரின் குறிப்பேட்டில் 'நல்ல அமர்வு, தூக்க வரலாறு முழுமையாகக் கிடைத்தது' என்று இருக்கிறது.

மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்துகிறார். "இங்கே ஏன் நேரத்தைக் கேட்டீர்கள்?"

"தூக்கத்தைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம், மேடம்."

"அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார்."

நல்ல மேற்பார்வையாளர் இத்தோடு நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். மாணவர் தன் வீட்டில் நடந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம். அல்லது அழுகை வந்துவிடுமோ என்று பயந்ததாகச் சொல்லலாம். எதுவானாலும், அடுத்த முறை அப்படி ஒரு வாக்கியம் வரும்போது ஓடாமல் உட்கார்ந்திருக்கத் தொடங்குவார். எத்தனை பாடப்புத்தகம் படித்தாலும் இந்தக் குறை தன் கண்ணுக்குத் தெரியாது. யாராவது காட்டினால்தான் உண்டு. மேற்பார்வையைப் பற்றி முதலில் விசாரியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உயிராபத்து தொடர்பான பேச்சும் இப்படிப் பழகியே வரும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் புது மாணவர்களும் தயங்குவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அது தெரிந்தும் வாய் வராது. "ஏதாவது தப்பாகச் செய்துகொள்ளலாம் என்று..." என இழுப்பார்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று நேராக, பதறாமல் கேட்கும்வரை சக மாணவரை எதிரே உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப நடித்துப் பழகுவார்கள்.

இதையெல்லாம் மணிக்கணக்காகப் பதிவு செய்ய வேண்டும்: எத்தனை மணி நேரம் ஆட்களோடு, எத்தனை மணி நேரம் மேற்பார்வையில், எந்த வயதினர், எந்த இடம். உரிமம் கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். வாரா வாரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது உத்தமம். மேற்பார்வையாளர் வேலை மாறிப்போன பிறகு இரண்டு வருடத்துக் கணக்குக்குக் கையெழுத்துத் தேடி அலைவது கொடுமை.

ரகசியமும் அதன் எல்லையும்

தொழில் ஒழுக்கத்தைத் தனிப்பாடமாக வைப்பார்கள். மாணவர்கள் எளிதான பாடம் என்று நினைப்பார்கள்: ரகசியம் காக்க வேண்டும், நெருக்கமான உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, தெரியாத வேலையைத் தொடக் கூடாது. எல்லைகளில்தான் சிக்கல். கலிஃபோர்னியாவில் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞர் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. 1969-இல் கொலை நடந்தது. டாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1976-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளின் சட்டமும் இதையே சொல்லிவிடவில்லை. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே, "நீங்கள் சொல்வது நம்மோடு இருக்கும், இந்த இந்தச் சூழ்நிலைகளில் மட்டும் வெளியே சொல்ல வேண்டிவரும்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குகிறார்கள்.

சேர்வதற்கு முன்

சேர்க்கைக்கு நல்ல மதிப்பெண், ஆராய்ச்சி அனுபவம், மனநலம் சார்ந்த இடத்தில் கொஞ்சம் வேலை, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் என்பவை எங்கும் ஏறக்குறைய பொது. நேர்காணலில் "எனக்குச் சிறுவயதிலிருந்தே மற்றவர் பிரச்சினைகளைத் தீர்க்கப் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள்; முன்னால் வந்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். செய்த ஒரு வேலையைச் சொல்லி, அதில் எது புரியாமல் போனது என்று சொல்லும் மாணவரைத் தேர்வுக்குழு நிமிர்ந்து பார்க்கும். சொந்த வாழ்க்கையின் மனவலி இந்தத் துறைக்குக் கூட்டிவந்திருந்தால் அது தகுதிக்குறைவு அல்ல. வலி இன்னும் ஆறாமல் இருந்தால் படிப்பு அதைக் கிளறும் என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சில படிப்புகள் மாணவரும் சிகிச்சை பெற வேண்டும் என்று விதியே வைத்திருக்கின்றன.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பிடித்துச் சில கேள்விகள் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை கிடைக்கிறது? மேற்பார்வையாளர் உங்கள் அமர்வை நேரில் பார்த்தோ கேட்டோ கருத்துச் சொல்கிறாரா, நீங்கள் சொல்லும் சுருக்கத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டுகிறாரா? பயிற்சிக்கான மருத்துவமனை, பள்ளி இவற்றைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள். முடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பதிவு கிடைத்தது? அப்புறம், இரவு பத்து மணிக்கு ஒருவர் உங்களை அழைத்து ஆபத்தாகப் பேசினால் நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு அந்த மூத்த மாணவர் யோசிக்காமல் ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு விசாரியுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.